வாதம் வந்த பெரியவருக்குக் கொலஸ்ட்ரோல் குளிசை

1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன சொந்தக்காரர்கள் நம்மில் பல வீடுகளுக்கு உண்டு. கிளிநொச்சிப் பக்கம் மகனோடு இருக்கும் தன் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்த ஒரு அக்கா, போன மாதம் கண் கலங்கிக் கேட்டார்: "ஐயா, அப்பாவுக்கு 82 வயசு. வாதம் வந்து படுக்கையிலதான். இப்ப கிளினிக்ல கொலஸ்ட்ரோல் குளிசையை நிப்பாட்டிட்டாங்க. வயசானவர்தானேன்னு கைவிட்டுட்டாங்களா?"

அப்படி நினைக்க வேண்டியதில்லை.

மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டால் ஒரு வகை வாதம். குழாய் வெடித்து இரத்தம் கசிந்தால் இன்னொரு வகை. அட்டோவஸ்டட்டின் போன்ற குளிசைகள் ஈரலில் கொலஸ்ட்ரோல் உண்டாவதைக் குறைத்து, அடைப்பு வாதம் மறுபடி வராமல் தடுக்க உதவும். விழுந்த கையைத் தூக்கிவிடாது. அதற்குப் பயிற்சிதான் வேண்டும். இதைப் பலர் மாற்றி விளங்கிக்கொள்கிறார்கள்.

எவ்வளவு தடுக்கும்? 2006ல் வெளியான பெரிய ஆய்வொன்றில், வாதமோ அதன் முன்னறிகுறியோ வந்த 4,731 பேரை ஏறக்குறைய ஐந்து வருடம் பார்த்தார்கள். மருந்தில்லாத வெறும் குளிசை பாவித்தவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கு வாதம் வந்தது. அட்டோவஸ்டட்டின் பாவித்தவர்களில் 11 பேருக்கு. இது சின்ன விஷயமல்ல. ஆனால் அவர்களின் சராசரி வயது 63, நடமாடக் கூடியவர்கள். எண்பது கடந்து, சாப்பாடு இறங்காமல், மெலிந்து படுத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதே ஆய்வில் இரத்தக் கசிவு வாதம் மருந்து பாவித்தவர்களில் சற்றுக் கூடுதலாகவும் இருந்தது. அதனால்தான் டொக்டர்மார் ஆளைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

அதற்காக நாமாக நிறுத்தக் கூடாது. நடந்து திரிகிற பெரியவருக்கு வயசு மட்டும் ஒரு காரணமாகாது. கைகால் சதை காரணமில்லாமல் வலித்தாலோ, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போனாலோ உடனே காட்டுங்கள். விழுங்க முடியாதவருக்குக் குளிசையை நசுக்கிக் கொடுக்குமுன் கேளுங்கள்.

அந்த அக்காவிடம், "பிரஷர் குளிசை கொடுக்கிறீங்கதானே?" என்றேன்.

"எல்லாத்தையுமே நிப்பாட்டிட்டாங்க வீட்டுல."

எனக்குத் திக்கென்றது. கிளினிக்கில் நிறுத்தியது ஒன்றை மட்டும். வாதம் மறுபடி வராமல் இருக்க பிரஷரைக் கட்டுப்படுத்துவது மிக முக்கியம். இரண்டு வகை வாதத்துக்கும் அது பொருந்தும். அன்றைக்கே தம்பிக்குப் போன் எடுத்து, கிளினிக் கொப்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போய் எந்தெந்தக் குளிசை தொடர வேண்டும் என்று எழுதி வாங்கச் சொன்னோம்.