இரண்டு மில்லிமீட்டரில் எத்தனை குதிரைத்திறன்?

அமெரிக்காவில் ஜீப் செரோக்கி என்றொரு பெட்டி வடிவ வண்டி புகழ் பெற்றது. அந்தப் பழைய வடிவத்தின் உற்பத்தி அங்கு 2001இல் நின்றுவிட்டது. ஆயினும் யூட்டா மாநிலத்தின் மோவாப் பாறைச் சரிவுகளில் அதை ஏற்றி மகிழ்வோர் உண்டு. பழைய வண்டிக்குப் புதுப் பலம் ஊட்ட எண்ணிச் சிலர் அதன் திராட்டில் பாடியைக் கடைசல் பட்டறையில் கொடுத்து, துவாரத்தைக் குடைந்து அகலமாக்குகிறார்கள். இதனால் பலம் கூடுமா? உங்கள் பள்ளி இயற்பியலே விடை சொல்லும்.

திராட்டில் பாடி எஞ்சினின் தொண்டை எனலாம். வடிகட்டியைத் தாண்டி வரும் காற்று இதன் வழியேதான் உள்ளே செல்கிறது. குறுக்கே நாணயம் போன்ற வட்டத் தகடு ஒன்று அச்சில் திரும்புகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தகடு திரும்பி வழிவிடும். ஓட்டுநர் கூட்டுவது பெட்ரோலை அன்று, காற்றை! அதற்கேற்பப் பெட்ரோலை அளந்து தெளிப்பது வண்டியின் கணிப்பொறி.

1991ஆம் ஆண்டு மாதிரியின் பெரிய எஞ்சினை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 3.96 லிட்டர், நிமிடத்திற்கு 4,750 சுற்றில் 190 குதிரைத்திறன். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் மூச்சிழுக்கும். ஆகவே நிமிடத்திற்கு 9,400 லிட்டர். உருளைகள் முழுதும் நிரம்புவதில்லை. 85 விழுக்காடு எனக் கொண்டால் சுமார் 8,000 லிட்டர், அதாவது நொடிக்கு 0.133 கன மீட்டர்.

துவாரத்தின் விட்டம் 60 மி.மீ. என்க. பரப்பு 0.00283 சதுர மீட்டர். வகுத்தால் காற்றின் வேகம் நொடிக்கு 47 மீட்டர், ஏறக்குறையப் புயல் வேகம்! இவ்வேகத்தைப் பெறக் காற்று இழக்கும் அழுத்தம் ½ρv². காற்றின் அடர்த்தி 1.2 என்று கொண்டால் இது 1.3 கிலோபாஸ்கல். விட்டத்தை 62 மி.மீ. ஆக்கினால் பரப்பு 7 விழுக்காடு கூடும், வேகம் 44 ஆகும், இழப்பு 1.16 ஆகக் குறையும். மிச்சம் சுமார் 0.15 கிலோபாஸ்கல். வளிமண்டல அழுத்தமோ 101! 190 குதிரைத்திறனில் இந்த விகிதத்தைப் பெருக்கினால் கிடைப்பது 0.3. தகடும் அச்சும் தடுப்பதற்காக இழப்பை இரு மடங்காக்கினாலும், ஒரு குதிரைத்திறன் தேறாது.

வாய்க்காலில் பல மதகுகள் இருக்கையில், ஏற்கெனவே அகலமாக உள்ள ஒன்றை மேலும் அகலமாக்கினால் நீர் பெருகுமா?

ஆனால் மாற்றியவர்கள் "வண்டி பாய்கிறது" என்கிறார்களே! அது பொய்யன்று. தகட்டை அதே கோணம் திருப்பினால் இப்போது 7 விழுக்காடு அதிக இடைவெளி திறக்கும். ஆகவே மிதியைத் தொட்டதும் எஞ்சின் துள்ளும். பழைய திராட்டிலின் கரிப் படிவு நீங்கியதும் ஒரு காரணமாகலாம். அதைத் துடைக்கக் கடைசல் எந்திரம் எதற்கு?

பாறையில் இந்தத் துள்ளல் நல்லதன்று. சக்கரம் அங்குலம் அங்குலமாக நகர வேண்டிய இடத்தில் மிதி மென்மையாக இருப்பதே பாதுகாப்பு. மேலும், புதுத் துவாரத்திற்குத் தகடும் மிகச் சரியாகப் பொருந்தவேண்டும். இறுகினால் சிக்கிக்கொள்ளும், தளர்ந்தால், காலை எடுத்த பின்னும் காற்று கசிந்து எஞ்சின் இரையும். பள்ளத்தின் விளிம்பில் தகடு திறந்தபடி சிக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எஞ்சினையே பெரிதாக்கியவர் நிலை வேறு. பழைய 4.2 லிட்டர் எஞ்சினின் வணரித்தண்டைப் பொருத்திக் கொள்ளளவை 4.6 லிட்டர் வரை உயர்த்துவோர் உண்டு. இழப்பு வேகத்தின் இருமடியைப் பொறுத்ததாகையால், அதே சுற்றில் 1.3 என்பது 1.8 கிலோபாஸ்கலாக ஏறும். அங்கும் ஊகம் வேண்டாம். இந்த எஞ்சினில் திராட்டிலுக்கு அப்பாலுள்ள அழுத்தத்தை அளக்கும் உணர்கருவி ஒன்று உண்டு. மிதியை முழுதும் அழுத்தி, உச்சச் சுற்றில் அதன் அளவைப் பாருங்கள். வெளிக்காற்றின் அழுத்தத்தை அது ஏறக்குறைய எட்டிவிட்டால், குடைந்து பெறுவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை.