ஹேவ்லாக் தீவில் பூங்குழலியின் படகு

தண்டவாளமே இல்லாத தீவுக்கு ரயில்வே குமாஸ்தா எதற்காகப் போகிறார் என்று நண்பர்கள் நகைத்தனர். கரக்பூரில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பயணச் சீட்டுக் கணக்கோடு மன்றாடிய எமக்கு, தண்டவாளம் கண்ணில் படாத பத்து நாள் ஓய்வே பெரும் பேறாகத் தோன்றியது. எம் மைத்துனர் அந்தமானில் ஹேவ்லாக் தீவில் மளிகைக் கடை வைத்து வாழ்கிறார். அவர் பன்முறை அழைத்தும் தட்டிக்கழித்து வந்த யாம், சென்ற விடுமுறையில் குடும்பத்துடன் கப்பலேறினோம்.

நாம் நெடுநாள் போர்ட் பிளேயர் என்று அழைத்த தலைநகருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கிருந்து அரசுக் கப்பலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம் ஹேவ்லாக். 2018 டிசம்பரில் இத்தீவும் ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாற்றம் பெற்றது. எனினும் ஊரார் நாவில் பழைய பெயரே வழங்குகிறது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியோரின் வழியினரே இங்கு மிகுதி. ராதா நகர், கிருஷ்ணா நகர், சியாம் நகர், கோவிந்த நகர் என ஊர்ப் பெயர்கள் கண்ணன் கதையை நினைவூட்டுகின்றன. தமிழ்க் குடும்பங்கள் சிலவே.

மைத்துனர் இல்லத்தில் அவருடைய மாமியார், எழுபத்தைந்து வயதைக் கடந்த மூதாட்டியார், இருக்கிறார். இராமநாதபுரம் சீமையிலிருந்து வந்தபோது அவர் கொணர்ந்த பொருள்களுள் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களும் உண்டு. கடற்காற்றில் தாள்கள் பழுத்துவிட்டன. பழைய சேலைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறார். இப்போது அவர் கண்பார்வை மங்கிவிட்டது. மைத்துனருக்குக் கடையே உலகம். அவர் துணைவியாருக்கு அடுப்படி ஓய்வதில்லை. பதினொரு வயதுப் பேத்தி நன்கு படிப்பவள். ஆனால் அவள் கற்பது இந்தியும் ஆங்கிலமும். வீட்டில் தமிழ் பேசுவாள், தமிழ் எழுத்து அறியாள். “மருமகனே, இப்புத்தகம் எனக்குப் பின் யாருக்கு?” என்று மூதாட்டியார் எம்மிடம் ஒருநாள் கேட்டார். யாம் விடை கூற இயலாது தலை குனிந்தோம். கரக்பூரில் எம் வீட்டு நிலையும் அதுவே அன்றோ?

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எழுத்தறியாத பிள்ளைக்கும் செவி உண்டே. கண் வழி நுழையாத நூல் செவி வழி நுழையாதா என்று எண்ணினோம். நாவலை நாடகமாக்குவது தமிழர்க்குப் புதிதன்று. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' நாவலை எம். கந்தசாமி முதலியார் நாடகமாக்க, டி. கே. எஸ். சகோதரர்கள் அதனை ஊர் ஊராக நடித்தனர்; 1935இல் அது திரைப்படமாகவும் வந்தது. அலுவலுக்குச் செல்வோர் மாலையில் அரிதாரம் பூசுவதும் புதிதன்று. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை, வேறு தொழில் உடையோர் விருப்பத்தால் நடித்த சபையே.

'பொன்னியின் செல்வனு'ம் மேடை கண்டதே. கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த இந்நாவல் 293 அத்தியாயங்கள் கொண்டது. இத்துணைப் பெரிய நூலைக் குமரவேல் நாடகமாக்க, பிரவீண் கண்ணனூர் நெறியாள, மேஜிக் லாண்டர்ன் குழுவினர் 1999இல் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் நடித்தனர். கல்கியின் நூற்றாண்டும் அவர் நூல்கள் நாட்டுடைமையானதும் அதே ஆண்டில்தான். 2014இல் மியூசிக் அகாடமியில் மீண்டும் அது மேடையேறியது. மணிரத்னத்தின் திரைப்படம் வந்தது 2022லும் 2023லும். ஆகவே, நாடகமே முந்தியது.

அவர்களிடம் திடல் இருந்தது, பயின்ற நடிகர் இருந்தனர். எம்மிடம் இருந்தவை ஒரு முற்றமும் மூன்று குடும்பத்துப் பிள்ளைகள் அறுவரும். ஆதலால் முழுக் கதையையும் தொடவில்லை. கோடிக்கரையிலிருந்து வந்தியத்தேவனைப் பூங்குழலி இரவில் தன் படகிலேற்றி ஈழத்துக்கு அழைத்துச் செல்லும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். தீவுப் பிள்ளைகளுக்குப் படகு அறிந்த பொருள்; தஞ்சை அரண்மனையோ கேட்டும் அறியாதது. இளவரசர் அருள்மொழிவர்மர்மீது கொண்ட காதலை வெளியே சொல்லாமல் துடுப்பு வலிக்கும் பெண் அவள். முன்கதையைச் சொல்லத் தெருக்கூத்தில் வருவது போல ஒரு கட்டியக்காரனை வைத்தோம், அவ்வேடம் எமக்கு.

பூங்குழலியாக நடித்தவள் அப்பேத்தியே. மூதாட்டியார் நினைவிலிருந்து கதை சொல்ல, யாம் நூலைப் பார்த்து உரையாடலைச் சுருக்கினோம். அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவ்வுரையாடலை இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டாள்! கண்டு எம் உள்ளம் கலங்கியது; ஆயினும் தடுக்கவில்லை. சிக்கல் வேறிடத்தில் வந்தது. “பூங்குளலி” என்றே அவள் தன் பெயரைச் சொன்னாள். “நாக்கை உள்ளே மடக்கடி, அம்மா” என்று பாட்டியார் நான்கு நாள் பழக்கினார். ஐந்தாம் நாள் ழகரம் வந்தது. மகிழ்ச்சியில் ளகரம் வரவேண்டிய இடத்திலும் ழகரத்தையே சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

இரண்டு விசிப்பலகைகள் படகாயின. இரு தாய்மார் முனை பிடித்து அசைத்த நீலச் சேலை கடலாயிற்று. அடுத்த வீட்டு வங்காளிப் பெரியவர் தம் படகிலிருந்து மெய்யான துடுப்பையே தந்தார். சிறுமியால் அதைத் தூக்க முடியாமல் அவள் தம்பி பின்னால் நின்று தாங்கினான். யாத்ரா நாடகம் பார்த்து வளர்ந்த அப்பெரியவர் மொழி புரியாமலே இறுதிவரை அமர்ந்திருந்தார். நடுவில் மின்விளக்கு அணைந்தது. கைவிளக்கொன்றைத் தரையில் வைத்துத் தொடர்ந்தோம். இரவுக் கடலுக்கு அவ்வெளிச்சமே பொருத்தமாயிற்று.

தொடங்குமுன் கட்டியக்காரன் வாயால் ஒரு செய்தி சொன்னோம். அக்கதையின் இளவரசரே பின்னாளில் இராசராச சோழர். அவர் மைந்தர் இராசேந்திரர் 1025ஆம் ஆண்டையொட்டிக் கடல் கடந்து ஸ்ரீ விஜயத்தின்மேல் படை செலுத்தினார். அப்படையெடுப்பைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டில் மாநக்கவாரம் என்று நிக்கோபார் குறிக்கப்பட்டுள்ளது. “நம்ம நிக்கோபாரா மாமா?” என்று பிள்ளைகள் எழுந்து நின்றே கேட்டனர். வெறும் பாடமாகச் சொல்லியிருந்தால் அவ்வாறு கேட்டிருப்பார்களா?

நடித்தது முப்பது நிமிடங்களே. மறந்த உரையாடல் பாதி இருக்கும். அவற்றைத் திண்ணையிலிருந்து மூதாட்டியாரே எடுத்துக் கொடுத்தார். இதனால் தமிழ் காக்கப்பட்டுவிட்டதென்று யாம் பெருமை பேசவில்லை. நடித்த அறுவருள் இருவர் மறுநாளே எல்லாவற்றையும் மறந்து பந்தாடச் சென்றனர். பேத்தி மட்டும், படகு ஈழம் சேர்ந்தபின் என்ன ஆயிற்று என்று பாட்டியாரை விடாமல் கேட்டாள். “அது புத்தகத்தில் இருக்கிறது” என்று அவர் சொல்லிவிட்டார். யாம் ஊர் திரும்பியதும் அரிச்சுவடி ஒன்றை அஞ்சலில் அனுப்பினோம். அண்மையில் தொலைபேசியில் பேசினாள்: “மாமா, பாட்டிக்கு ஒரு பக்கம் படித்துக் காட்டினேன். அரை மணி நேரம் ஆயிற்று. பாட்டி தூங்கிவிட்டார்கள்.”

அன்பர்களே, தாய்மார்களே! உங்கள் வீட்டிலும் துணியில் சுற்றிய நூலொன்று இருக்கக்கூடும். பெரிய அரங்கமும் பொருட்செலவும் வேண்டா. பிள்ளைகள் அறிந்த பொருள் ஒன்று வரும் காட்சியாகத் தேர்ந்தெடுங்கள். அரை மணிக்கு மேல் நீட்டாதீர்கள். எந்த எழுத்தில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். நாவில் வருவது தமிழாக இருக்கட்டும். முதியோரை அருகில் அமர்த்தி, பிழை திருத்தும் பொறுப்பை அவர்களிடமே தாருங்கள். கதையை முடிக்காமல் நடுவில் நிறுத்துங்கள். மீதி நூலில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

வரும் பொங்கலன்று கரக்பூரில் எம் வீட்டு மாடியிலும் ஒரு காட்சி நடிக்க இருக்கிறோம். துடுப்புக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை.