ஏற்காட்டு ஏற்றமும் பின்தொடைத் தசையும்

பின்தொடைத் தசை என்று ஒருமையில் சொன்னாலும் அது மூன்று தசைகளின் கூட்டு. உட்காரும்போது தரையில் படுகிற இடுப்பெலும்பு முனையில் (இருக்கை எலும்பில்) தொடங்கி, தொடையின் பின்புறமாக இறங்கி, முட்டிக்குக் கீழே உள்ள எலும்புகளைப் பற்றிக்கொள்கிறது. இடுப்பு, முட்டி ஆகிய இரண்டு மூட்டுகளைக் கடப்பதால் அதற்கு இரண்டு வேலை: தொடையைப் பின்னுக்கு இழுப்பது, முட்டியை மடக்குவது. முட்டியை நீட்டி வைத்து இடுப்பிலிருந்து குனிந்தால் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் இழுபடும். நின்று குனியும் உத்தானாசனத்திலும் உட்கார்ந்து குனியும் பச்சிமோத்தானாசனத்திலும் நடப்பது இதுதான்.

இந்தத் தசை உழைப்பதை ஏற்காட்டில் கிளியூர் அருவிக்குப் போகும் பாதையில் பார்க்கலாம். செங்குத்தாக இறங்கும்போது உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் முன்தொடை; மறுநாள் படியிறங்கும்போது முனகவைப்பதும் அதுவே. திரும்பி ஏறுகையில் உடம்பு தானாக முன்சாய்கிறது. அப்போது ஒவ்வோர் அடிக்கும் பிட்டத் தசையும் பின்தொடையும் சேர்ந்து இடுப்பை நிமிர்த்தி ஆளை மேலே தள்ளுகின்றன. சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் உதிர்ந்த பழம் பொறுக்கும் பெண்ணின் கால்களில் இன்னொரு வகை உழைப்பு. அவர் முட்டியை அதிகம் மடக்காமல் இடுப்பிலிருந்து குனிகிறார். தசை நீண்டுகொண்டே மேலுடம்பின் எடையைத் தாங்குகிறது. நிமிரும்போது சுருங்கி இழுக்கிறது.

நீளும்போதே சுமை தாங்கும் இந்த வேலைதான் பல ஆசன வகுப்புகளில் குறைவு. அங்கே பின்தொடை திரும்பத் திரும்ப நீட்டப்படுகிறது, அந்த அளவுக்கு உழைப்பதில்லை. நாள் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு, விடுமுறைக்கு மலையேறி, குளிர்ந்த காலையில் உடம்பு சூடேறுமுன் காலை நீட்டி நெற்றியை முட்டிக்குக் கொண்டுபோகிறவருக்குப் பின்தொடை காயப்படும் ஆபத்து இன்னும் கூடுதல். நெற்றி முட்டியைத் தொடுவதை யார் மதிப்பெண் ஆக்கினார்களோ!

தொடர்ந்து நீட்டிப் பழகியவர்கள் அதிகம் குனிவதற்குத் தசை நீளமாகிவிட்டதே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். வெப்ளர், மேக்னுசன் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு அலசல் வேறு விளக்கம் தந்தது: சில வாரப் பயிற்சியில் பெரும்பாலும் மாறுவது இழுப்பை உடம்பு பொறுத்துக்கொள்ளும் அளவு. குனியும் தூரம் கூடுகிறது, அந்தத் தூரத்தில் தாங்கும் பலம் கூடவேண்டும் என்பதில்லை. மிகையாகக் குனியும்போது, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் இருக்கை எலும்பின் மேல் அழுந்துகிறது. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால், அங்கே ஏற்படும் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

பலம் சேர்க்க ஆசனங்களே பாதி வழி. சேதுபந்தாசனத்தில் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கி, குதிகால்களைத் தரையில் அழுத்திப் பிட்டத்தை நோக்கி இழுப்பதுபோல் பிடித்தால் பின்தொடை உடனே விழித்துக்கொள்ளும். அது எளிதானதும் ஒற்றைக் காலில் செய்யலாம். வழவழப்பான தரையில் குதிகால்களுக்கு அடியில் துண்டு போட்டு, தூக்கிய இடுப்பு தாழாமல் கால்களை மெல்ல நீட்டுவது இன்னும் கடினம். இதில் தசை நீளும்போதே உழைக்கிறது. குப்புறப் படுத்துக் கால்களைத் தூக்கும் சலபாசனமும் உதவும். உத்தானாசனத்திலிருந்து எழும்போது முட்டியைச் சற்றுத் தளர்த்தி, முதுகை நேராக வைத்து, நிதானமாக நிமிர்வதே ஒரு பயிற்சி. வாரம் 2 அல்லது 3 நாள், ஒவ்வொன்றும் 8 முதல் 10 முறை என்று தொடங்கலாம்.

விளையாட்டு வீரர்களுக்கு ‘நார்டிக்’ பயிற்சி உண்டு: மண்டியிட்டு, கணுக்கால்களை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை முன்னால் மெல்லச் சாய்ப்பது. 8,459 வீரர்களின் தரவுகளைத் தொகுத்த 2019 ஆய்வில், இதைச் செய்தவர்களுக்குப் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஓடுபவர்களிடம் கண்டதை யோகா பயில்வோருக்கு அப்படியே பொருத்த முடியாது. தசையின் இயல்பு மட்டும் ஒன்றே.

இருக்கை எலும்பை ஒட்டி, உட்காரும்போதும் குனியும்போதும் வலித்தால் மேலும் நீட்டி அதை ‘எடுத்துவிட’ முயல்வது வலியைக் கூட்டும். முட்டியை மடக்கிக் குனியலாம், அல்லது முன்வளைவுகளைச் சில வாரம் ஒதுக்கி, இடுப்பைத் தூக்கும் பயிற்சிகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பாதம்வரை ஓடும் மதமதப்பு நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். ‘டப்’ என்று ஏதோ அறுந்ததுபோல் உணர்ந்து, தொடையில் ரத்தம் கட்டி, நடக்கவும் சிரமமானால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.