அலையோரத்து அறுபது நொடி

முட்டுக்காடு முகத்துவாரத்துக்குத் தெற்கே, ஓர் ஐப்பசி விடியற்காலையில் எனக்கு முதல் கொடுவா கிடைத்தது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருக்கும். சின்னதுதானே, விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு முன் நண்பன் ஒரு படம் எடுத்தான். வெளிச்சம் போதவில்லை என்று இன்னொன்று. மணலில் கிடத்தி, பக்கத்தில் தூண்டில் தடியை வைத்து ஒன்று. தாடையில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து ஒன்று. எல்லாம் முடிந்தபின் பெருந்தன்மையோடு அலையில் விட்டேன். வாலை ஒருமுறை அசைத்துப் போய்விட்டது.

மறுபடி இரை கோத்து வீசி, ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்து முடிப்பதற்குள், அதே மீன் நூறடி தள்ளிக் கரை ஒதுங்கியிருந்தது. ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடியது. சமைத்துச் சாப்பிட்டிருந்தாலாவது அந்த மீனுக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இப்போது ஞாயிற்றுக்கிழமை விடியலில் நீளமான தடிகளோடு நிற்பவர்கள் பெருகிவிட்டார்கள். கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டும் தடுப்புகளுக்கு அரசாங்கமே ‘தூண்டில் வளைவு’ என்று பெயர் வைத்திருக்கிறது. அந்தக் கல் மேலும் தூண்டில்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எப்படி வீசுவது என்று சொல்லித்தர வீடியோக்கள் ஏராளம். மீன் கைக்கு வந்தபின் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆனால் வீசுவதிலும் பாதிப் பேர் தப்புதான் செய்கிறோம். நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, உடம்பை வில்லாய் வளைத்து எறிந்துகொண்டிருந்தபோது, கரைவலைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: “இன்னா தம்பி, மீனு உன் காலாண்ட மேயுது, நீ சிலோனுக்கு வீசிக்கினு கீற!”

அவர் சொன்னது நிஜம். அலை சாய்வாக வந்து அறையும் கரையில், கரைக்கு இணையாக ஒரு மணல் திட்டு இருக்கும். திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம் ஓடும். அலை வெள்ளையாய் உடைகிற இடம் மேடு; உடையாமல் கரும்பச்சையாய்க் கிடக்கிற இடம் பள்ளம். அலை மணலைக் கிளறும்போது வெளியே வரும் புழு, நண்டு, சிப்பி எல்லாம் இந்தப் பள்ளத்தில்தான் வந்து விழுகின்றன. கிழங்கானும் பன்னாவும் காலாவும் இங்கேதான் மேய வரும். பல நாட்களில் இது கரையிலிருந்து முப்பது மீட்டர்கூட இருக்காது. நாம் தண்ணீரில் இறங்கி, மீனைக் கலைத்துவிட்டு, அதன் தலைக்கு மேலாக வீசுகிறோம்.

ஆகவே வற்றத்தில், அதாவது கடல் தண்ணீர் இறங்கும் நேரத்தில், ஒரு நாள் வெறுங்கையோடு போய்க் கரையைப் பார்த்து வருவது நல்லது. சென்னைப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டர் இறங்கினாலே பள்ளம் எது, திட்டு எது, திட்டில் எங்கே வாய் திறந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த வாய் வழியாகத்தான் கரையேறிய தண்ணீர் திரும்பக் கடலுக்குப் பாய்கிறது. மீனுக்கு அது சாப்பாட்டு வாசல். மனிதருக்கு எமன் வாசல்: மெரினாவில் ஆளை இழுத்துப் போவது பெரும்பாலும் இந்த ஓட்டம்தான், பார்வைக்கு அமைதியாக இருக்கும். தூண்டிலை அதன் ஓரத்தில் போடலாம். காலை வைக்கக் கூடாது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காமலே பிடிக்கக் கற்றுக்கொள்வதுதான் கரைத் தூண்டிலில் முதல் பாடம்.

தடி பத்திலிருந்து பதின்மூன்று அடி. நீளம் வீச்சுக்காக மட்டுமல்ல, தூண்டில் நரம்பை அலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ளவும்தான். ரீலில் மெல்லிய நரம்பு இருந்தால் தூரம் போகும். ஆனால் வீசும் நொடியில் எடைக்குக் கட்டிய ஈயத்தின் முழு விசையும் அதில் விழும். அறுந்தால் நூறு கிராம் ஈயம் துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். அதனால் முன்னால் தடித்த தங்கூசி நரம்பு ஒன்றைச் சேர்த்துக் கட்ட வேண்டும். கணக்கு சுலபம்: ஈயம் எத்தனை அவுன்ஸோ அதைப் பத்தால் பெருக்கினால் அத்தனை பவுண்டு தாங்கும் நரம்பு. 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம் ஈயத்துக்கு 40 பவுண்டு. வீசத் தயாராக இருக்கும்போது ரீலில் ஐந்தாறு சுற்று விழும் அளவுக்கு அந்தத் தங்கூசியின் நீளம் இருக்க வேண்டும். முன்னால் வீசுகிறவர், முதலில் பின்னால் பார்க்க வேண்டும். குழந்தை விளையாடும் கரையில் இதைச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன், ஒருமுறை என் காதோரம் ஈயம் ஒன்று கீறிப் போகும் வரை.

இரைக்குக் கடை ஏற வேண்டியதில்லை. அலை பின்வாங்கும்போது ஈரமணலுக்குள் பின்பக்கமாகப் புதைந்து மறையும் கட்டைவிரல் அளவு நண்டைப் பார்த்திருப்பீர்கள். பள்ளத்து மீனுக்குப் பழகின சாப்பாடு அது. இல்லையென்றால் இறால், கணவாய்த் துண்டு.

இனி முள். வளைவு முழு வட்டமாகி, நுனி உள்பக்கம் திரும்பிய வட்டத் தூண்டில் முள் இப்போது நம் கடைகளிலும் கிடைக்கிறது. மீன் விழுங்கினாலும் பெரும்பாலும் அது தொண்டையில் குத்தாது. மீன் திரும்பி ஓடும்போது வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். ஒரே நிபந்தனை, கடித்ததும் வெடுக்கென்று சுண்டக் கூடாது. நரம்பு இறுகும்வரை பொறுத்துச் சுற்றினால் போதும். பழக்கத்தால் சுண்டுகிறவர்கள் இரண்டு மீனை விட்டுவிட்டு, ‘இந்த முள் சரியில்லை’ என்று பழையதுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் இந்த வட்ட முள்ளைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். அங்கே கரைத் தூண்டில்காரர்களின் செல்ல மீன் ஸ்ட்ரைப்டு பாஸ். பிடிபடுவதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பதைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். அப்படியும் அந்த மாநிலங்களின் மீன்வள ஆணையம், விடப்படும் நூறு மீனில் ஒன்பது பிறகு செத்துப்போவதாக வைத்தே கணக்குப் போடுகிறது. கோடிக்கணக்கில் பிடித்து விடும்போது அந்த ஒன்பது சின்ன எண் அல்ல. 2021லிருந்து பொழுதுபோக்குக்காக இரை கோத்து ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிப்பவர்களுக்கு வட்ட முள் கட்டாயம்.

முள்ளை விட முக்கியம் காற்று. 1992இல் கனடாவில் ஃபெர்கசன், டஃப்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் டிரவுட் மீன்களைக் களைத்துப்போகும்வரை துரத்தி, சிலவற்றைத் தண்ணீருக்கு வெளியேயும் வைத்துப் பார்த்தார்கள். களைப்பு மட்டும் என்றால் 12 சதவீதம் செத்தன. களைப்போடு 30 நொடி வெளிக்காற்று என்றால் 38 சதவீதம். 60 நொடி என்றால் 72. அது நன்னீர் மீன், ஆய்வுக்கூடத் தொட்டி; அந்த எண்களை அப்படியே நம் கொடுவாவுக்குப் பொருத்த முடியாது. ஆனால் அன்று விடியலில் நான்கு படம் எடுக்க எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்குத் தெரியும்.

காற்றில் மீனின் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஓடிக் களைத்த ஒருவரின் மூக்கையும் வாயையும் பொத்துவதுபோலத்தான். உலர்ந்த மணல், உலர்ந்த கை, துணி இவை எல்லாம் உடம்பின் வழுவழுப்பை வழித்தெடுத்துவிடும். அந்த வழுவழுப்புதான் அதற்கு நோய் அண்டாமல் காக்கும் சட்டை. தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடும்போது, தண்ணீர் தாங்கிய எடை முழுவதும் தாடை மூட்டிலும் குடலிலும் இறங்குகிறது.

கரையில் இதற்கெல்லாம் ஒரு வசதி இருக்கிறது, படகில் அது கிடையாது. மீனை நாம் தூக்க வேண்டியதில்லை, அலையே கொண்டுவந்து கொடுக்கும். பின்வாங்கும் அலையோடு மல்லுக்கட்டாமல், அடுத்த அலை வரும்போது சுற்றிக்கொண்டே பின்னால் நடந்தால் மீன் ஈரமணலில் வந்து படுத்துவிடும். இடுக்கி இடுப்பில் தயாராக இருக்கட்டும். கையை நனைத்துக்கொண்டு, வயிற்றுக்கடியில் ஒரு கை, வால் அடியில் ஒரு கை. முள் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்ச்செதிலை முன்பே இடுக்கியால் நசுக்கி வைத்திருந்தால் ஒரே திருப்பில் கழன்றுவிடும். ஆழமாய் விழுங்கியிருந்தால் குடைய வேண்டாம், வாயோரத்தில் நரம்பை வெட்டி விடுங்கள். விடும்போது தூக்கி எறியாமல், தலை அலையைப் பார்க்க, தானாக உதறிக்கொண்டு போகும்வரை தண்ணீரில் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

எதை விடுவது? சின்னதை விட்டுப் பெரியதை எடுப்பதுதான் நம் பொதுப் புத்தி. கொடுவாவிடம் அது செல்லாது. கொடுவா பெரும்பாலும் ஆணாகவே பருவமடைகிறது. சில ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் தாண்டும்போது பெண்ணாக மாறுகிறது. அந்தப் பெரிய கொடுவா, வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை சுமக்கும் தாய். காலாவும் இப்படி மாறும் இனம்தான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கொடுவா 58 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தாலும் விட வேண்டும், 120க்கு மேலே இருந்தாலும் விட வேண்டும். நடுவில் உள்ளதைச் சாப்பிடலாம். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. தடியிலேயே இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

சாப்பிட எடுக்கும் மீனை மணலில் துடிக்க விடுவதும் சரியல்ல. தலையில் ஒரே அடி, செவுளை அறுத்து ரத்தத்தை வடித்து, ஐஸும் கடல்தண்ணீரும் கலந்த பெட்டியில் போட்டால் அதற்கும் வேதனை குறைவு, குழம்பும் ருசி.

சில மீன்களைக் கையால் தொடாமலிருப்பது நமக்கு நல்லது. கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று விஷமுள். திருக்கைக்கு வாலில். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேற்படாமல், வெந்நீரில் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு மருத்துவரிடம் போங்கள். சுறாவும் திருக்கையும் கலந்த உருவத்தில் உழுவை என்றொரு மீன் மாட்டும். பழந்தமிழில் உழுவை என்றால் புலி. பொருத்தம்தான், இந்த மீனின் சில வகைகளும் புலியும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரே முதல் அட்டவணையில் இருக்கின்றன. நரம்பை வெட்டி விட்டுவிடுவதுதான் வழி.

கரைவலைப் பெரியவரிடம் இதையெல்லாம் ஒருநாள் உற்சாகமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வுடறதுக்கு ஏன் தம்பி புடிக்கற?” என்றார். மீன்பாடு இல்லாத நாளில் உலை ஏறாத வீட்டுக்காரரின் கேள்வி அது. பொழுதுபோக்குக்காக வந்து நிற்கும் நமக்கு அவர் கரையில் முதல் உரிமை கிடையாது. கரைவலை இழுக்கும் நேரத்தில் குறுக்கே வீசாமல் தடியைச் சாத்திவிட்டு ஒரு கை கொடுத்தால், பள்ளம் எங்கே என்று அவர்களே காட்டுவார்கள்.

இன்னொன்று. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இதே மணலில்தான் இரவில் ஏறி வருகின்றன. சென்னையில் மாணவர்கள் 1988 முதல் அமைப்பாகச் சேர்ந்து இரவில் நடந்து அந்த முட்டைகளைக் காத்து வருகிறார்கள். அந்த மாதங்களில் இரவுத் தூண்டிலுக்குப் போகிறவர்கள் நெற்றி விளக்கில் சிவப்பு வெளிச்சம் மட்டும் வையுங்கள். அறுந்த நரம்பை, ஒரு சாண் துண்டாக இருந்தாலும், சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.