ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் உணவுக்குழாயை என்ன செய்யும்?

ஒரு கவளம் சோற்றை மென்று விழுங்குகிறீர்கள். அதோடு உங்கள் வேலை முடிந்தது. அந்தச் சோறு இரைப்பைக்குப் போய்ச் சேர்ந்ததா, இல்லையா என்று ஒரு நாளாவது கவலைப்பட்டதுண்டா? படுத்துக்கொண்டு விழுங்கினாலும் உணவு இரைப்பைக்குத்தான் போகிறது. அப்படிப் பொறுப்பாகக் கொண்டு சேர்க்கிற உறுப்புதான் உணவுக்குழாய்.

'தண்ணீர்க் குழாய் மாதிரி அதுவும் ஒரு குழாய்தானே!' என்று நினைத்துவிடாதீர்கள். பெரியவர்களுக்கு இது சுமார் 25 செ.மீ. நீளம் இருக்கும். வேலை இல்லாதபோது சுருங்கி, மடிந்து கிடக்கும். உணவு வந்தால் விரியும். போனதும் பழைய நிலைக்குத் திரும்பும். விரிந்து சுருங்குவதைப் பற்றிக் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நாஞ்சில் நாட்டு வயல்களைத் தாண்டி குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் ரப்பர் மரங்கள்தானே!

நான்கு அடுக்குச் சுவர்

உணவுக்குழாயின் சுவரில் நான்கு அடுக்குகள் உண்டு.

முதலாவது, உட்படலம். தட்டையான செல்கள் பல வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். முறுக்கு, மரச்சீனிக் கிழங்கு, மீன் கறி என்று நாம் உள்ளே தள்ளுகிற எல்லாவற்றின் உராய்வையும் தாங்குவது இதுதான். மேல் வரிசை தேய்ந்து உதிர உதிர, அடியிலிருந்து புதுச் செல்கள் வந்துகொண்டே இருக்கும். புடவைக் கொசுவம் போல இதில் நீளவாக்கில் மடிப்புகள் உண்டு. கவளம் வரும்போது முதலில் இந்த மடிப்புகள்தான் பிரிந்து இடம் கொடுக்கின்றன.

இரண்டாவது, அதற்கு அடியில் இருக்கும் படலம். சுவரின் வலுவே இதில்தான் இருக்கிறது. கொலாஜன் என்ற நார் கயிறு மாதிரி. எலாஸ்டின் என்ற நார் ரப்பர் பேண்ட் மாதிரி. இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. உணவுக்குழாயைத் தைக்க நேர்ந்தால் அறுவை மருத்துவர்கள் தையலை இந்தப் படலத்தில்தான் பிடிக்க வைப்பார்கள். வழவழப்பைத் தரும் சுரப்பிகளும் இங்கேயே இருக்கின்றன.

மூன்றாவது, தசை. உள்ளே வளையம் வளையமாக, வெளியே நீளவாக்கில். கவளத்துக்குப் பின்னால் உள்ள வளையம் இறுகும், முன்னால் உள்ளது தளரும். இந்த அலை விநாடிக்கு 3, 4 செ.மீ. வேகத்தில் இறங்கும். எங்கள் சித்த மருத்துவத்தில் உதானனை மேல்நோக்குக்கால் என்றும், அபானனைக் கீழ்நோக்குக்கால் என்றும் சொல்வோம். உடலுக்குள் நடக்கிற அசைவுகளுக்குத் திசை உண்டு என்பதை நம் முன்னோர் கவனித்துத்தான் பெயர் வைத்தார்கள்.

நான்காவது, தளர்வான வெளி உறை. இரைப்பைக்கும் குடலுக்கும் இருப்பது போன்ற வழவழப்பான வெளிப்படலம் உணவுக்குழாய்க்கு இல்லை. அதனால் ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பது நேராக நெஞ்சுக்கூட்டுக்குள் கசிந்துவிடும்.

இன்னொரு விசேஷம். இந்தக் குழாய் அகலவாக்கில் எளிதாக விரியும். நீளவாக்கில் அவ்வளவு இளகிக் கொடுக்காது. அகலத்திலும் ஓர் எல்லை உண்டு. தொய்ந்து கிடக்கும் கயிற்றை இழுத்தால் முதலில் சுலபமாக வரும், தொய்வு தீர்ந்ததும் விறைத்துக்கொள்ளும் இல்லையா? கொலாஜன் நார்களும் அப்படித்தான். குழாய் அளவுக்கு மீறி விரிந்து கிழியாமல் காப்பது இந்த விறைப்புதான்.

ஆசிட் பட்டால்?

ரப்பர் பாலை ஷீட் ஆக்க ஃபார்மிக் ஆசிட் சேர்க்கிறோம். பாலில் உள்ள புரதம் தன் நிலை மாறி, பால் உறைந்து கட்டியாகிறது. இதே ஆசிட் தெரியாமல் வாய்க்குள் போனால் உணவுக்குழாயின் புரதமும் அதே மாதிரி உறைந்து வெந்துபோகிறது. இரைப்பையும் புண்ணாகும். இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கடையில் விற்பது 85 சதவீதம் வரை செறிவுள்ள ஆசிட். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். அதைக் குடிதண்ணீர் பாட்டிலிலோ, கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி அடுக்களை ஓரத்தில் வைத்தால், தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு என்ன தெரியும்?

உடனே செய்ய வேண்டியவை

* வாயைத் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பச் செய்யுங்கள். ஆசிட் பட்ட தோலையும் கண்ணையும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

* வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. இறங்கும்போது ஒரு முறை சுட்ட ஆசிட், ஏறும்போது மறுபடியும் சுடும்.

* சோடா உப்பு, சுண்ணாம்புத் தண்ணீர், முட்டை, எண்ணெய், கஷாயம் எதையும் கொடுக்காதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், இது நாட்டு மருந்துக்கான நேரம் இல்லை.

* 108-ஐ அழைத்து, எண்டாஸ்கோப்பி வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆசிட் பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வாயில் புண் இல்லையே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். வாய் நன்றாக இருந்து, உள்ளே வெந்திருக்கலாம்.

வலி போன பிறகு வரும் வினை

சில நாட்களில் வலி குறையும். 'பிழைத்தோம்' என்று நினைப்பார்கள். உண்மையான சோதனை சுமார் மூன்று வாரம் கழித்துத்தான் தொடங்கும். வெந்த இடத்தில் கொலாஜன் தாறுமாறாக வளர்ந்து தழும்பாகும். ரப்பர் பேண்டாக இருந்த இடம் தோல் வார் போல விறைத்துவிடும். தழும்பு மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போய்க் குழாயை நெரிக்கும். அப்போதுதான், "சோறு நெஞ்சுக்குக் கீழ இறங்க மாட்டேங்கு வைத்தியரே" என்று வருவார்கள். எண்டாஸ்கோப்பி வழியாகப் பலூன் வைத்துப் பல தடவை விரித்துவிட வேண்டியிருக்கும். அதுவும் பலிக்காவிட்டால் அறுவை சிகிச்சைதான்.

எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை

உணவுக்குழாய் நன்றாக விரியக்கூடியது என்பதாலேயே, அது குறுகுவது முதலில் நமக்குத் தெரிவதில்லை. உள்விட்டம் 13 மி.மீ.க்குக் கீழே போன பிறகுதான் கெட்டி உணவு தவறாமல் சிக்கும். இறைச்சி, சப்பாத்தி, பிறகு சோறு என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, வீட்டில் யாராவது கஞ்சிக்கு மாறினால், 'வயசாயிட்டுல்லா' என்று விட்டுவிடாதீர்கள். புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும். வெற்றிலையோடு புகையிலை, பீடி, மது ஆகியவை ஆபத்தைக் கூட்டுபவை. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களும் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று 2016-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. கருப்பட்டிக் காப்பியைச் சற்று ஆறவிட்டுக் குடித்தால் ருசி ஒன்றும் குறைந்துவிடாது!

ரப்பர் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். ஆசிட்டை அது வந்த கேனிலேயே, பெயர் எழுதி, வீட்டுக்கு வெளியே பூட்டி வையுங்கள். சாவி பொறுப்பான ஒருவர் கையில் இருக்கட்டும். மனம் வெறுத்துப்போன ஒரு நொடியில் கைக்கு எட்டாமல் இருப்பதே ஓர் உயிரைக் காப்பாற்றும். மனம் தளர்ந்தவர்கள் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் பேசலாம். வெந்துபோன உணவுக்குழாய்க்குப் பழைய இளக்கத்தை முழுதாகத் திருப்பித் தர எந்த மருத்துவத்திலும் மருந்து கிடையாது. ஒரு பூட்டு போதும், அந்த நிலை வராமல் தடுக்க.