பெயின்ட்பால் லோடர்: எதைத் தேர்ந்தெடுப்பது?

1981-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் பன்னிரண்டு பேர் ஆடித் தொடங்கியது பெயின்ட்பால் விளையாட்டு. மரத்துக்கும் மாட்டுக்கும் வண்ணத்தால் அடையாளமிடும் துப்பாக்கியே அன்று அவர்கள் கையிலிருந்தது. ஜெலட்டின் ஓட்டுக்குள் வண்ணம் நிறைத்த, 0.68 அங்குல உருண்டைகளை அது சுடும். மேலே பட்டு உடைந்தால் ஆள் அவுட்!

துப்பாக்கியின் மேல் உருண்டைகளைக் கொட்டி வைக்கும் புனலே லோடர். புவியீர்ப்பை மட்டும் நம்பினால், விரைந்து சுடும்போது உருண்டைகள் ஒன்றையொன்று தாங்கி, வளைவு கட்டி அடைத்துக்கொள்ளும். என் தந்தை கூலி வேலை செய்யும் அரிசி ஆலையிலும் இதே தொல்லைதான். அவர் ஏணியேறிப் புனலைக் கட்டையால் தட்டுவார். மின்னணு லோடரில் அந்தக் கட்டையின் வேலையை மோட்டார் செய்கிறது. சிலவற்றில் கழுத்துப் பகுதியில் அகச்சிவப்பு ஒளிக்கண் உண்டு. அங்கே உருண்டை இல்லையென்று கண்டதும் துடுப்பு சுழலும். இதை வீட்டில் விளக்கினேன். "அப்ப ஏணி ஏற வேண்டாமே!" என்றார் தந்தை.

வேறொரு வகை, உருண்டைகளை இடைவிடாது அழுத்தித் தள்ளும். வேகமாகச் சுடும் மின்னணுத் துப்பாக்கிக்கு அதுவே தேவை. சாதாரணத் துப்பாக்கிக்கோ கிளறிவிடும் வகையே போதும். விலை மிகுந்ததை வாங்குவது வீண். அழுத்தம் மிகுந்தால் மெல்லிய ஓடு உள்ளேயே உடைந்து ஒழுகும். ஆகவே, எளிதில் கழற்றித் துடைக்க முடிகிறதா என்றும் பார்த்து வாங்க வேண்டும்.