இரு முட்களும் ஒருங்கே பொய்த்தால்

பழைய வாகனத்தை நம்பியே வேலைக்குச் செல்வோர் எம்மிடையே பலர். வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்கியதும் இயந்திரமே போய்விட்டதென்று நெஞ்சு பதறும். கராஜில் பணத்தைக் கொட்டுமுன் எரிபொருள்மானியையும் நோக்குதல் நன்று.

1983 முதல் 1992 வரை உற்பத்தியான இரண்டாம் தலைமுறை வொக்ஸ்வாகன் கோல்ஃபை எடுத்துக்கொள்வோம். அதில் இவ்விரு மானிகளுக்கும் சீரான 10 வோல்ற் மின்னழுத்தத்தை வழங்குவது, மானிப்பலகையின் பின்புறமுள்ள மூன்று கால் கொண்ட சிறியதொரு நிலைப்படுத்தியே. அது பழுதடைந்தால் பெரும்பாலும் இரு முட்களும் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். எரிபொருள் தீரும் தறுவாயிலும் மிச்சம் இருப்பதாகத் தோன்றும். நள்ளிரவில் நடுவழியில் நிற்க நேர்வது இதனாலேயே. ஒரு முள் மட்டும் பிழைத்தால் அதன் உணரியையோ வயரையோ ஐயுறல் வேண்டும்.

பற்றரியின் எதிர்முனை வயரைக் கழற்றிய பின்னரே பலகையை வெளியே எடுத்தல் வேண்டும். பின்புறத்து மெல்லிய செப்புப் படலம் எளிதில் கிழியும், அவசரம் ஆகாது. பின்னர் வயரை மீள இணைத்து, சாவியைத் திருப்பி, நிலைப்படுத்தியின் வெளியீட்டை மல்ரிமீற்றரால் அளப்போம். 10 வோல்ற்றை விட வெகுவாகக் கூடினால் பழுது அங்கேதான். மீண்டும் வயரைக் கழற்றி, ஒரேயொரு திருகாணியை அவிழ்த்து, புதியதைப் பொருத்திவிடலாம்.

எனினும், சோதித்து அறியாமல் முள்ளைப் பொய்யென்று கொள்ளலாகாது. இயந்திரம் ஆறிய பின் குளிர்நீரின் அளவை முதலில் பார்ப்போம். உண்மையாகவே கொதிக்கும் இயந்திரம் எம் தவணைக்காகக் காத்திராது.